நிலநடுக்கத்தையும் புவித்தட்டுகளையும் செயல்பாடுகள் வழியே கற்பிப்பது எப்படி?

நிலநடுக்கம் பற்றிய பாடம் பெரும்பாலும் புவியின் குறுக்குவெட்டுப் படத்தோடு தொடங்குகிறது. மேலோடு, கவசம், புறக்கரு, அகக்கரு என்ற பெயர்களை மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். அடுத்துத் தட்டுகளின், அதாவது புவியின் மேற்புறப் பாறையடுக்கு பிரிந்திருக்கும் பெரிய துண்டுகளின், எல்லைகள் வரையப்பட்ட உலக வரைபடம் காட்டப்படுகிறது. பிறகு மூன்று வகை எல்லைகளின் பெயர்கள் வருகின்றன. இந்த வரிசையில் நடக்கும் பாடத்தில், அறிவியலாளர்கள் அரை நூற்றாண்டு வாதிட்டுக் கண்டடைந்த முடிவு ஒன்று, அதற்கான சான்று எதுவும் இல்லாமல், மனப்பாடம் செய்யவேண்டிய செய்தியாக மாணவரை வந்தடைகிறது. கீழே சொல்லப்படும் செயல்பாடுகளை இதற்கு நேர்மாறான வரிசையில் நடத்த வேண்டும் என்பதே என் வலியுறுத்தல். முதலில் தரவைக் கொடுங்கள், அடுத்து மாதிரியைச் செய்யவிடுங்கள், பெயர்களைக் கடைசியில் சொல்லுங்கள். இவை 10 முதல் 15 வயது வரையிலான மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

எல்லாச் செயல்பாடுகளுக்கும் பொதுவான நடைமுறைகள் இரண்டு உண்டு. தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் என்ன நடக்கும் என்று தாம் நினைப்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். முடிந்த பின் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இந்த மாதிரி எந்தெந்த வகையில் உண்மையான புவியைப் போல இருந்தது, எந்தெந்த வகையில் மாறுபட்டது என்று எழுத வேண்டும். இரண்டாம் பகுதியே முக்கியமானது. அதை எழுதவைக்காமல் விட்டால், மாதிரியில் இருக்கும் பொய்யையும் சேர்த்தே மாணவர் கற்றுக்கொண்டுவிடுவார். உருகிய பாறைக் கடலின் மேல் தட்டுகள் மிதக்கின்றன என்ற பரவலான தவறான எண்ணம், கொதிக்கும் நீரில் மரத்துண்டுகளை மிதக்கவிட்டுக் காட்டும் செய்முறையை விளக்கமின்றி முடித்துவிடுவதால் வலுப்படுகிறது.

வரைபடத்தில் புள்ளியிடுதல்

முதல் வகுப்பில் தட்டுகளைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். வெற்று உலக வரைபடத்தைக் கொடுத்து, நிலநடுக்கங்கள் எங்கே நிகழும் என்று நினைக்கிறார்களோ அங்கே பென்சிலால் நிழலிடச் சொல்லுங்கள். பலர் கண்டங்களின் உட்பகுதிகளைத் தீட்டுவார்கள், கடலுக்கு நடுவே தீட்டுபவர் மிகச் சிலரே இருப்பார்கள்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் உலக நிலநடுக்கங்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. நாள், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், அளவு (நிலநடுக்கத்தின் வலிமையைக் குறிக்கும் எண்) ஆகியவை அதில் இருக்கும். ஓராண்டில் மட்டும் 5-க்கு மேற்பட்ட அளவுடையவை ஆயிரத்தைத் தாண்டும் என்பதால், அந்தப் பட்டியலை அச்சிட்டு ஒவ்வொரு மாணவருக்கும் இருபது அல்லது முப்பது வரிகளாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். சுவரில் ஒட்டிய ஒரே பெரிய வரைபடத்தில் எல்லோரும் புள்ளியிட வேண்டும். 70 கிலோமீட்டர் ஆழம் வரை சிவப்பு, 70 முதல் 300 வரை பச்சை, அதற்குக் கீழே நீலம் என்று நிறம் பிரித்துக்கொள்ளுங்கள். தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் பட்டியலில் கழித்தல் குறி இருக்கும். அதை வாசிக்கப் பயிற்சி கொடுக்காமல் தொடங்கினால் தென் அமெரிக்காவின் நிலநடுக்கங்கள் ஆசியாவில் போய் விழும்.

புள்ளிகள் சேரச்சேர, அவை உலகெங்கும் சிதறாமல் ஒடுங்கிய பட்டைகளாக அமைவதை மாணவர்களே காண்பார்கள். அப்போது அவசரப்பட்டு விளக்கம் சொல்லாமல் கேள்விகளை மட்டும் கேளுங்கள். அட்லாண்டிக் கடலின் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் பட்டையில் சிவப்பு மட்டுமே இருப்பது ஏன்? தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் சிவப்பும், உள்நாட்டை நோக்கிப் போகப்போகப் பச்சையும் நீலமும் வருவது ஏன்? இந்த இரண்டாம் கேள்விக்கு ஒரு வரைகோட்டுத்தாள் பதில் சொல்லும். தென் அமெரிக்காவின் குறுக்கே கிழக்கு மேற்காக ஓர் அட்சரேகைப் பட்டையைத் தேர்ந்தெடுத்து, கடலடி அகழியிலிருந்து உள்ள தொலைவைக் கிடையாகவும் ஆழத்தைக் கீழ்நோக்கியும் குறித்தால், புள்ளிகள் சாய்வான ஒரு பட்டையாகக் கீழிறங்கும். அகழியில் வளைந்து கண்டத்துக்கு அடியில் அமிழும் கடல்தட்டு அது. ஜப்பானிய நிலநடுக்கவியலாளர் கியோ வடாட்டி இத்தகைய சாய்வான பட்டையை 1930-களில், தட்டுக் கொள்கை உருவாவதற்கு மிக முன்பே, தம் நாட்டின் தரவுகளிலிருந்து கண்டறிந்தார். அவர் கையாண்ட அதே முறையில் மாணவர்களும் அதே வடிவத்தைக் காண்கிறார்கள் என்பதை அவர்களிடம் சொல்வது நல்லது.

இதற்குப் பின்னரே தட்டு எல்லைகள் வரையப்பட்ட வரைபடத்தைப் பக்கத்தில் மாட்டுங்கள். எல்லைகளில் சேராமல் தனித்து நிற்கும் புள்ளிகளை யாரும் அழிக்கக் கூடாது. 1811-12 ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ மாட்ரிட் பகுதியிலும், 1993-இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியிலும் நிகழ்ந்தவை தட்டுகளின் உட்பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கங்களே. எல்லையிலிருந்து தள்ளி இருப்பதாலேயே ஓர் இடம் முழுமையாகப் பாதுகாப்பானது ஆகிவிடாது.

கண்டங்களைப் பொருத்துதலும் கடல்தரை விரிதலும்

கண்டங்களை வெட்டிப் பொருத்தும் பயிற்சி பலருக்கும் தெரிந்ததே. அதில் ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். கரைக்கோட்டை ஒட்டி வெட்டாமல், கடலுக்குள் நீளும் கண்டத்திட்டின் விளிம்பை ஒட்டி வெட்டினால் பொருத்தம் வெகுவாகக் கூடும். மெசோசாரஸ் என்ற ஊர்வனவின் புதைபடிவங்கள் தென் அமெரிக்காவிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதியிலும் மட்டுமே கிடைக்கின்றன. குளோசோப்டெரிஸ் என்ற தாவரத்தின் புதைபடிவங்களோ தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகிய ஐந்திலும் கிடைக்கின்றன. இவற்றையும் அட்டைத்துண்டுகளில் குறித்துக் கொடுங்கள். ஜெர்மானிய அறிவியலாளர் ஆல்பிரட் வெகனர் 1912-இல் கண்டப்பெயர்வுக் கருத்தை முன்வைத்தபோது இத்தகைய சான்றுகளே அவர் கையில் இருந்தன. ஆனால், கண்டங்களை நகர்த்தும் விசை எது என்ற கேள்விக்கு அவரால் ஏற்கத்தக்க விடை தர முடியவில்லை. வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்து, ஓர் அணி வெகனருக்காகவும் மற்றொன்று அவரை எதிர்த்தும் வாதிடட்டும். எதிரணியின் கேள்விகள் நியாயமானவை என்பதை மாணவர்கள் உணரும்போது, சான்று ஏன் போதவில்லை என்பதும் அவர்களுக்குப் புரியும்.

விடுபட்ட சான்று கடலடியிலிருந்து வந்தது. அதைக் காட்ட இரண்டு மேசைகளைச் சிறு இடைவெளி விட்டு ஒட்டி நிறுத்தி, நீளமான இரண்டு தாள்களை அடியிலிருந்து அந்த இடைவெளி வழியே மேலே கொண்டுவந்து, ஒன்றை இடப்புறமும் மற்றொன்றை வலப்புறமும் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். ஆசிரியர் ‘இயல்பு’, ‘தலைகீழ்’ என்று ஒழுங்கற்ற கால இடைவெளிகளில் மாற்றிமாற்றி அறிவிக்க, அந்தந்த நேரத்தில் இடைவெளியிலிருந்து வெளிவரும் பகுதியை அதற்குரிய நிறத்தால் மாணவர்கள் தீட்டுவார்கள். புவியின் காந்தப்புலம் திசை மாறியதைக் கடல்தரைப் பாறைகள் பதிவுசெய்தது இவ்வாறே. இருபுறமும் ஒன்றையொன்று ஒத்த பட்டைகள் கிடைக்கும். 1963-இல் புவி இயற்பியலாளர்கள் வைன், மேத்யூஸ் இருவரும் கடலடிக் காந்தப் பட்டைகளை இந்த முறையில்தான் விளக்கினார்கள்.

தாள் இழுக்கும் வேகம் மிகையானது என்பதால் உடனே ஒரு கணக்கும் போடுங்கள். அட்லாண்டிக்கின் அகலத்தை 5,000 கிலோமீட்டர் என்றும், அது ஆண்டுக்கு 2.5 சென்டிமீட்டர் விரிகிறது என்றும் கொண்டால், திறந்துகொள்ள 20 கோடி ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இது தோராயக் கணக்கே என்றாலும், அந்தக் கடலின் மிகப் பழைய தரைப்பகுதிகளின் வயதுக்கு நெருக்கமாகவே வருகிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நகர்கிறது. தாம் பிறந்த நாளிலிருந்து அது எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று ஒவ்வொரு மாணவரும் காகிதப் பட்டையில் அளந்து வெட்டிச் சுவரில் ஒட்டட்டும்.

செங்கல்லும் ரப்பர் வளையமும்

ஒரே ஒரு செயல்பாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். தட்டுகள் ஆண்டு முழுவதும் மெதுவாக நகரும்போது நிலநடுக்கம் மட்டும் ஏன் சில நொடிகளில் திடீரென்று நிகழ்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை தரும் மாதிரியை நான் அறியேன்.

நீளமான பலகையின் மேல் சொரசொரப்பான உப்புத்தாளை ஒட்டுங்கள். செங்கல்லின் அடியிலும் உப்புத்தாளை ஒட்டிப் பலகையின் மேல் வையுங்கள். செங்கல்லைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் மூன்று நான்கு ரப்பர் வளையங்களைச் சங்கிலியாகக் கோத்து, அதன் மறுமுனையில் நீட்டிக்க முடியாத நூலைக் கட்டி, நூலை ஒரு மரக்குச்சியில் சுற்றுங்கள். பலகையின் ஓரத்தில் அளவுகோலை ஒட்டிவிடுங்கள். ஒரு மாணவர் குச்சியை மிக மெதுவாகவும் சீராகவும் திருப்பி நூலைச் சுற்ற வேண்டும். ரப்பர் நீண்டுகொண்டே போகும், செங்கல் அசையாது. ஒரு கட்டத்தில் செங்கல் சட்டென்று முன்னே பாய்ந்து நின்றுவிடும். ரப்பர் அறுந்து தெறிக்கக்கூடும் என்பதால் அருகில் இருப்பவர்கள் அனைவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்.

பார்த்து வியப்பதோடு நிறுத்திவிடாமல் அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன் எவ்வளவு நூல் இழுக்கப்பட்டது, பாய்ச்சலில் செங்கல் எவ்வளவு நகர்ந்தது என்ற இரண்டையும் குறைந்தது இருபது முறையாவது குறிக்க வேண்டும். முதல் பத்து முறைக்குப் பிறகு நிறுத்தி, அடுத்த பாய்ச்சல் எப்போது வரும், எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று கணிக்கச் சொல்லுங்கள். சராசரியை வைத்து நம்பிக்கையோடு கணிப்பார்கள், பெரும்பாலும் தவறிப்போகும். இழுப்பு சீரானது, பாதையும் மாறவில்லை, ஆனாலும் இரண்டு பாய்ச்சல்கள் ஒன்றுபோல இருப்பதில்லை.

இங்கே கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டு பகுதியைப் பற்றிச் சொல்லலாம். அங்கு 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ 6 அளவுடைய நிலநடுக்கங்கள் நிகழ்ந்தன. இவற்றின் சராசரி இடைவெளி 22 ஆண்டுகள் என்பதைக் கொண்டு, அடுத்தது 1993-க்குள் வரக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். நிலத்தில் கருவிகளைப் பதித்துக் காத்திருந்தார்கள். அது 2004 செப்டம்பர் 28-இல்தான் வந்தது. இந்த ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதி, அடுத்த ஆண்டைக் கணிக்க மாணவர்களிடம் விட்டுவிட்டு, பிறகு உண்மையைச் சொல்லுங்கள். நிலநடுக்கம் நிகழும் நாளை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று பரவும் செய்திகளை எடைபோட இந்த ஒரு பாடம் அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் உதவும்.

1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பின் பிளவைக் கடந்து சென்ற வேலிகளும் சாலைகளும் பல அடிகள் விலகிக் கிடந்தன. அந்த அளவீடுகளை ஆராய்ந்த அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட், பாறைகள் மீள்தன்மையோடு வளைந்து ஆற்றலைச் சேமித்து, உராய்வு தாங்காத நிலையில் சட்டென மீள்கின்றன என்று விளக்கினார். மாதிரியில் வளையும் பாறை எது என்று கேளுங்கள். செங்கல் என்றே பலரும் சொல்வார்கள். ஆற்றலைச் சேமிப்பது ரப்பர் என்பதை அவர்களே கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள். மாதிரி மாறுபடும் இடமும் உண்டு. செங்கல் முழுவதும் ஒரே கணத்தில் நகர்கிறது. உண்மையில் முறிவு ஒரு புள்ளியில் தொடங்கிப் பிளவின் நெடுகப் பரவுகிறது. 2004 சுமத்ரா நிலநடுக்கத்தில் அது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பரவப் பல நிமிடங்கள் ஆயின. இரண்டாவது செங்கல்லை மற்றொரு ரப்பர் வளையத்தால் முதலாவதோடு இணைத்து இழுத்தால், ஒன்றின் பாய்ச்சல் மற்றொன்றின் மேல் உள்ள இழுவையை மாற்றி அதையும் தூண்டுவதைக் காணலாம். பின்னதிர்வுகளைப் பற்றிப் பேச அது நல்ல தொடக்கம்.

அலைகளும் வெளிமையமும்

நிலநடுக்க அலைகளில் முதலில் வந்துசேரும் பி அலை பாறைத்துகள்களைத் தான் செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைக்கிறது. அதைவிட மெதுவாக, அடுத்து வரும் எஸ் அலை குறுக்காக அசைக்கிறது. இதற்கு ஸ்லிங்கி சுருள்கம்பி போதும் என்றாலும், மாணவர்களே அலையாவது மனத்தில் ஆழமாகப் பதியும். தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கவைத்து, ஓரத்தில் இருப்பவரை மெல்லத் தள்ளினால் அழுத்தம் வரிசை முழுவதும் கடந்துபோகும். அடுத்து ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நிற்க, முதலாமவர் இடுப்பிலிருந்து முன்னே குனிந்து நிமிர்ந்தால் அந்தக் குனிவும் வரிசையில் பயணிக்கும். இனி கைகளை எடுத்துவிட்டு ஒட்டி மட்டும் நிற்கச் சொல்லுங்கள். தள்ளல் இப்போதும் கடக்கும், குனிவு கடக்காது. திரவத்தில் எஸ் அலை பரவாததற்குக் காரணம் இதுவே. எஸ் அலைகள் புறக்கருவின் ஊடே செல்வதில்லை என்பதால் அது திரவம் என்று தெரிகிறது. கவசத்தின் ஊடே அவை செல்வதால் அது திடமான பாறை என்றும் தெரிகிறது.

வெளிமையத்தை, அதாவது நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே தரையில் உள்ள புள்ளியை, கண்டறிய விளையாட்டுத் திடல் வேண்டும். மூன்று நிலையங்களில் நேரமானிகளோடு மாணவர்களைத் திடலின் நடுப்பகுதிக்கு முதுகைக் காட்டி நிறுத்துங்கள். அவர்களுக்குத் தெரியாத ஓர் இடத்திலிருந்து, ஒவ்வொரு நிலையத்தையும் நோக்கி இருவர் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும். ஒருவர் பி அலையாக நொடிக்கு இரண்டு அடிவைப்பு, மற்றவர் எஸ் அலையாக நொடிக்கு ஒரே அடிவைப்பு என்ற வேகத்தில் நடப்பார்கள். முதலாமவர் வந்து தோளைத் தொட்டதும் நேரமானி ஓடத் தொடங்கும், இரண்டாமவர் தொட்டதும் நிற்கும். பதிவான நொடிகளை இரண்டால் பெருக்கினால் தொலைவு அடிவைப்புகளில் கிடைத்துவிடும். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் அந்த நீளமுள்ள கயிற்றால் தரையில் வட்டம் வரைந்தால், மூன்றும் சந்திக்கும் இடத்துக்கு அருகில் வெளிமையம் இருக்கும். அவை ஒரே புள்ளியில் சந்திப்பது அரிது, சிறு முக்கோணம் ஒன்று மிஞ்சும். உண்மையான நிலையங்களின் கணக்கிலும் அத்தகைய பிழைவரம்பு உண்டு என்பதால் அதை மறைக்க வேண்டாம். பிறகு வகுப்பறையில், மேலோட்டில் பி, எஸ் அலைகளின் வருகைக்கு இடையே உள்ள நொடிகளை ஏறத்தாழ 8-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும் என்ற விதியைக் கொடுத்து, வரைபடத்தில் கவராயத்தால் இதையே செய்யலாம்.

கவசம் திடமானது என்றால் அது எப்படி நகரும் என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்பார். கார்ன்ஃப்ளார் மாவு இரண்டு பங்குக்கு நீர் ஒரு பங்கு சேர்த்துக் கலக்கிக் கொடுங்கள். விரலால் தட்டினால் கெட்டியாக எதிர்க்கும் அந்தக் கலவை, மெல்லச் சாய்த்தால் வழியும். விசை செலுத்தப்படும் வேகத்தைப் பொறுத்து ஒரே பொருள் இருவகையாக நடந்துகொள்ளலாம் என்பதற்கு மட்டுமே இது சான்று. கவசப் பாறை பாய்வது படிகங்களுக்குள் நிகழும் மிக மெதுவான மாற்றங்களால் என்பதை, குறிப்பேட்டில் மாறுபடும் இடங்களுக்கான பகுதியில் எழுதச் சொல்லுங்கள்.

அளவு, மண், கட்டடம்

அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகிறது. எண்ணாகச் சொன்னால் இது மனத்தில் நிற்பதில்லை. மில்லிமீட்டர் வரைகோட்டுத்தாளில் ஒரே ஒரு சிறு கட்டத்தைத் தீட்டி அதை அளவு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு 6-க்கு 32 கட்டங்கள், 7-க்கு ஏறத்தாழ 1,000, 8-க்கு 32,000. அது ஏ4 தாளில் பாதிக்குச் சற்றே மேல். அளவு 9-க்கு ஒரு முழுச் சதுரமீட்டர் தேவைப்படும். அதைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, அதன் மூலையில் அந்த ஒற்றைக் கட்டத்தை ஒட்டிவையுங்கள். சிறு நிலநடுக்கங்கள் பல நிகழ்ந்தால் பெரியது வராது என்ற நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதை அதுவே காட்டிவிடும்.

சேதம் அளவை மட்டும் பொறுத்ததன்று. தட்டில் மணலை நிரப்பி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வரை நீர் ஊற்றி, கனமான ஒரு கல்லை நிமிர்த்தி வைத்துத் தட்டின் பக்கங்களைத் தொடர்ந்து தட்டினால், மணல் இளகிக் கல் சாயும். 1964-இல் ஜப்பானின் நிகாட்டாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பெரிதாக உடையாமலே இவ்வாறு சாய்ந்தன. அடுத்து, ஒரே அகலமும் வெவ்வேறு நீளமும் உள்ள அட்டைப் பட்டைகளை ஒரு பலகையில் நிமிர்த்தி ஒட்டிப் பலகையை முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் ஆட்டுங்கள். மெதுவான ஆட்டத்தில் நெடிய பட்டை மட்டும் பெரிதாக ஊசலாடும், விரைவானதில் குட்டைப் பட்டை ஆடும். 1985-இல் வெளிமையத்திலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி இருந்த மெக்சிகோ நகரில், பழைய ஏரிப்படுகையின் மென்மையான களிமண் ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒருமுறை என்ற கதியில் அசைவைப் பெருக்கியது. அந்தக் கதிக்கு ஒத்திசைந்த நடுத்தர உயரக் கட்டடங்களே, மிகத் தாழ்ந்தவற்றையும் மிக உயர்ந்தவற்றையும் விட அதிகமாக வீழ்ந்தன.

கட்டடம் கட்டும் போட்டியை இதற்குப் பிறகு நடத்துங்கள். இரண்டு பலகைகளுக்கு இடையே கோலிக்குண்டுகளை வைத்து, ஓரங்களை ரப்பர் வளையங்களால் இணைத்தால் நடுங்கும் மேசை தயார். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் குச்சிகளும் ஒரே அளவு ஒட்டுப்பொருளும் கொடுத்து, மேல்தளத்தில் ஒரே எடையை வைத்துச் சோதியுங்கள். முதல் சுற்றில் சரிந்த கட்டடத்தில் எந்த இணைப்பு முதலில் விட்டது என்று வரைந்து காட்டிய பின்னரே இரண்டாம் சுற்றுக்கு அனுமதியுங்கள். மூலைவிட்டத் தாங்கிகளின் பயனைப் பெரும்பாலான குழுக்கள் இந்த இரண்டாம் சுற்றில் கண்டுகொள்ளும். வெற்றி பெற்ற குழுவைவிட, தன் கட்டடத்தின் குறையைத் துல்லியமாகக் கண்டறிந்து திருத்திய குழுவுக்குக் கூடுதல் மதிப்பெண் தருவது சரியாக இருக்கும்.

நிலநடுக்கத்தை நேரில் அனுபவித்த, அதில் யாரையேனும் இழந்த பிள்ளைகள் வகுப்பில் இருக்கக்கூடும். பாடம் தொடங்குவதற்கு முன்பே தனியாகப் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டத்தையும் ஓசையையும் திடீரென்று நிகழ்த்தாமல் முன்னறிவிப்போடு செய்யுங்கள், விரும்பாதவர் குறிப்பெடுக்கும் வேலையை ஏற்கட்டும். தரையில் தாழ்ந்து, உறுதியான மேசைக்கடியில் தலையையும் கழுத்தையும் மறைத்து, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளும் பயிற்சியைச் செங்கல் செயல்பாடு முடிந்த அன்றே செய்யவைப்பது பொருத்தமானது, ஏனெனில் நிலநடுக்கம் எச்சரிக்கையின்றி வரும் என்பதை அவர்கள் அப்போதுதான் அளந்து பார்த்திருப்பார்கள். பயிற்சி முடிந்ததும் வகுப்பறையைச் சுற்றிவந்து, ஆட்டத்தில் விழக்கூடிய அலமாரி, கண்ணாடி, தொங்கும் பொருள் ஆகியவற்றைப் பட்டியலிடச் சொல்லி, அந்தப் பட்டியலைப் பள்ளிப் பராமரிப்புப் பொறுப்பாளரிடம் மாணவர்களே கொடுத்து, எவை எப்போது சரிசெய்யப்படும் என்று கேட்டு எழுதிவரட்டும்.